வில்லனுக்கு மட்டும் ஒரு மொழி

பதிவு நீளம். பொறுமை இருப்பவர்கள் முழுதாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுத் திட்ட வேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

பாகுபலி படத்தின் இரண்டு பாகங்களையும் ஒன்றாக்கி 2025 அக்டோபர் கடைசியில் மறுபடி வெளியிட்டார்கள் அல்லவா? அதிலிருந்து நான் இருக்கிற ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கிலிக்கி மயம். தமிழர் உருவாக்கிய புது மொழி, தமிழன் மூளைக்கு எல்லை ஏது, ஹாலிவுட்காரனுக்கு நாம் சளைத்தவர்களா என்று வரிசையாகப் பெருமைகள். குழந்தைகள் நாக்கைச் சொடுக்கிக் கிலிக்கி பேசும் காணொளிகள் வேறு. ஒரு குழுவில் நான் இரண்டு வரி மாறுபட்டு எழுதினேன். உடனே, "ஐயா, வெறும் சினிமாவைப் போய் இவ்வளவு சீரியஸா எடுத்துக்கணுமா?" என்று கேட்டார்கள். இரண்டு வரியில் சொன்னது விளங்கவில்லை என்று தெரிகிறது. ஆகவே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

என் வாதம் சின்னது. மகிழ்மதி என்ற கற்பனைப் பேரரசை உருவாக்கியவர்கள், அதில் ஒரே ஒரு மக்களுக்குத்தான் தனி மொழி கொடுத்தார்கள். அந்த மக்கள் யார் என்று பார்த்தால், உடம்பெல்லாம் கரி பூசி, கொன்று குவிப்பதற்காகவே கொண்டுவரப்பட்ட காலகேயர்கள். இதை உலகம் எப்படி வேண்டுமானாலும் ரசிக்கட்டும். மொழிக்காகப் போராடிய வரலாறு உள்ள தமிழர்கள் இதை மொழிப் பெருமை என்று கொண்டாடுவது பொருத்தமா?

முதலில் நியாயமாகப் பேசிவிடுவோம். மொழி உருவாக்குவது எளிய வேலை கிடையாது. 2015இல் முதல் படம் வந்தபோது, கிலிக்கிக்குச் சுமார் 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் இருப்பதாகச் செய்திகள் வந்தன. மதன் கார்க்கி ஆஸ்திரேலியாவில் படித்த காலத்தில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும்போது விளையாட்டாக உண்டாக்கிய ஒரு சின்ன மொழிதான் இதற்கு விதை. நான் என்பதற்கு 'மின்', நீ என்பதற்கு 'நிம்'. சொல்லைத் திருப்பிப் போட்டால் எதிர்ப்பொருள். எவ்வளவு அழகான யோசனை! ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு எதிர்ச்சொல் நடத்திய எவருக்கும் இதன் அருமை தெரியும். 2020இல் தனி எழுத்து வடிவத்தோடு இணையதளமும் வந்தது. உழைப்பைக் குறை சொல்ல மாட்டேன். குழந்தைகளோடு விளையாடப் பிறந்த மொழியை எந்த வாயில் கொண்டுபோய் வைத்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

இப்போது மகிழ்மதிக்கு வருவோம்.

மாஹிஷ்மதி என்பது உண்மையில் இருந்த ஊர். நர்மதை ஆற்றங்கரையில் அவந்தி நாட்டின் தெற்குத் தலைநகராக இருந்தது. புராணத்தில் கார்த்தவீரியனின் ஊர். இன்றைய மத்தியப் பிரதேசத்து மகேஷ்வர்தான் அது என்று பெரும்பாலும் சொல்வார்கள். படத்தில் அந்தப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, அருவியும் காடும் மலையுமாக ஒரு வெப்பமண்டலப் பேரரசைக் கட்டினார்கள். தமிழில் அதை 'மகிழ்மதி' ஆக்கினார்கள். காதுக்கு இனிமையான மாற்றம். தெலுங்குப் பல்லாலதேவன் தமிழில் 'பல்வாள்தேவன்' ஆனான். அதுவும் சரி.

அந்தப் பேரரசில் யார் யார் இருக்கிறார்கள்? அரண்மனை இருக்கிறது. மூதாதையர் கொடுத்த வாக்குக்காகத் தலைமுறை தலைமுறையாக அடிமையாக இருக்கும் கட்டப்பாவின் குலம் இருக்கிறது. அருவிக்குக் கீழே காட்டுமக்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் குந்தள நாடு. இவ்வளவு பேரும் என்ன மொழி பேசுகிறார்கள்? தமிழ்ப் படத்தில் எல்லோரும் ஒரே செந்தமிழ். தெலுங்கில் எல்லோரும் ஒரே தெலுங்கு. இந்தியில் ஒரே இந்தி. அருவிக்கு மேலே இருக்கும் ராணியும் கீழே இருக்கும் காட்டுமக்களும் ஒருவருக்கொருவர் முகம் தெரியாமல் வாழ்கிறார்கள். ஆனால் பேச்சில் ஒரு சொல்கூட மாறாது!

வரலாற்றில் எந்தப் பேரரசாவது இப்படி இருந்ததா? அசோகன் கந்தகாரில் கிரேக்கத்திலும் அராமிக் மொழியிலும் கல்வெட்டு வைத்தான். சாதவாகனர் வெள்ளிக்காசில் ஒரு பக்கம் பிராகிருதம், மறுபக்கம் திராவிட மொழி. சோழர் செப்பேடுகளில் வடமொழியும் தமிழும். விஜயநகரத்தார் கன்னடத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் வடமொழியிலும் வெட்டினார்கள். நம் வணிகக் குழுவான ஐந்நூற்றுவர் சுமத்ராவின் பாரூஸ் பகுதியில் 1088இல் தமிழ்க் கல்வெட்டு வைத்தார்கள். சீனத் தளபதி செங் ஹே இலங்கைக்காக 1409இல் வெட்டிய காலிக் கல்வெட்டில் சீனம், பாரசீகம், தமிழ் மூன்றும் உண்டு. இந்த வெப்பமண்டலக் கடற்கரைகளில் ஆட்சி என்றாலே பல மொழி. பட்டினப்பாலை பாடிய புலவர், பல மொழி பேசும் வேற்றுநாட்டு மக்கள் புகாரில் கலந்து இனிதாக வாழ்ந்ததை ஊரின் சிறப்பாகவே சொல்கிறார்.

கற்பனைப் பேரரசில் மட்டும் ஏன் எல்லோருக்கும் ஒரே மொழி? வசதி, வேறொன்றும் இல்லை, படம் பார்ப்பவருக்குப் புரிய வேண்டும் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அந்த வசதியைக் காலகேயருக்கு மட்டும் ஏன் மறுத்தார்கள்? அவர்கள் பேசுவது புரிய வேண்டாம் என்பதற்காகத்தானே? அவர்கள் வாயிலிருந்து வருவது பேச்சாக இல்லாமல் ஓசையாகக் காதில் விழ வேண்டும் என்பதற்காகத்தானே? 750 சொற்கள் இருந்தும் திரையில் அந்த மொழி என்ன செய்கிறது? மிரட்டுகிறது, ராணியை இழிவுபடுத்துகிறது, போருக்குக் கூச்சலிடுகிறது. அந்த மொழியில் ஒரு தாய் பிள்ளையைக் கூப்பிட்டாளா? ஒருவன் செத்துக் கிடக்கும் தம்பியைப் பார்த்து அழுதானா? பசிக்கிறது என்று யாராவது சொன்னார்களா? இரண்டு படத்தையும் திரும்பப் பாருங்கள்.

அடுத்து, அந்த ஓசை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலி நமக்கும் தெரியும். வண்டிமாட்டை விரட்டும்போது கன்னப்பக்கம் நாக்கை இழுத்து ஒரு சத்தம் எழுப்புவோம். பாவம் என்று சொல்வதற்குப் பதிலாக 'ச்ச்ச்' என்போம். நமக்கு அவை வெறும் சைகை ஒலிகள். தென்னாப்பிரிக்காவில் அவை மெய்யெழுத்துகள். கோய்சான் மொழிகளில் அவை பிறந்தன. அவர்களோடு பழகிய சோசா, சூலு மொழிகளுக்கும் சென்றன. நெல்சன் மண்டேலாவின் தாய்மொழி சோசா. அந்த மொழியின் பெயரையே அவர்கள் சொடுக்கொலியில்தான் தொடங்குகிறார்கள்.

காலகேயர் தலைவனின் பெயர் என்ன? இன்கோஷி. சூலுவிலும் சோசாவிலும் 'இன்கோசி' என்றால் அரசன், தலைவன் என்று பொருள். எனோக் சொந்தோங்கா 1897இல் இயற்றிய, இன்று தென்னாப்பிரிக்க நாட்டுப்பண்ணின் பகுதியாக இருக்கும் பாடல், இறைவனை அந்தச் சொல்லால் அழைத்துத்தான் தொடங்குகிறது. உலகில் கோடிக்கணக்கானோர் கண்ணீரோடு பாடும் சொல். நம் படத்தில் அது யாருக்குப் பெயராகியிருக்கிறது என்று பாருங்கள். வேண்டுமென்றே வைத்தார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. கறுப்பு உடல், சொடுக்கொலி, அந்தப் பெயர் என மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் பார்ப்பவன் மனம் எந்தக் கண்டத்துக்குப் போகும் என்பதை மட்டும் கேட்கிறேன்.

நமக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ட்ரூரோ என்ற கப்பல் டர்பனில் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. கரும்புத் தோட்டத்துக்குப் போன அந்த ஏழைகளில் தமிழர் ஏராளம். அங்கே அவர்களுக்கு அக்கம்பக்கத்தார் சூலுக்கள். வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி காதில் தமிழும் 'கசகச' சத்தம்தான், சூலுவும் 'கசகச' சத்தம்தான்.

"ஐயா, காலகேயர் என்பது மகாபாரதத்தில் வரும் பெயர், ஆப்பிரிக்காவை ஏன் இழுக்கிறீர்கள்?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. வனபருவத்தில் காலகேயர் அசுரர்கள். பகலில் கடலுக்குள் ஒளிந்துகொள்வார்கள், இரவில் வந்து முனிவர்களைக் கொல்வார்கள். தேவர்களால் பிடிக்க முடியவில்லை. கடலையே குடித்து அவர்களைக் காட்டிக்கொடுத்தவர் யார்? அகத்தியர்! தமிழுக்கு இலக்கணம் தந்தவர் என்று நாம் கொண்டாடும் அதே அகத்தியர். கடல் வற்றிய தரையில் தேவர்கள் அவர்களைக் கொன்றார்கள். அசுரர் கதைகளை நாம் எப்படிப் படிக்க வேண்டும் என்று இந்த மண்ணில் நூறு வருடமாகப் பேசிவருகிறோம். தோற்றவன் தரப்பை யாரும் எழுதி வைக்கவில்லை என்று மேடைக்கு மேடை சொன்னவர்கள் நாம். திரையில் காலகேயன் வந்ததும் அதெல்லாம் எங்கே போயிற்று?

இதில் மொழி எப்படி ஆயுதமாகிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

கிரேக்கர்கள் தங்கள் மொழி பேசாதவரை 'பார்பரோஸ்' என்றார்கள். மற்றவர் பேச்சு 'பர் பர்' என்று கேட்டதால் வந்த பெயர். ஆங்கிலத்தில் காட்டுமிராண்டியைக் குறிக்கும் 'பார்பேரியன்' அதிலிருந்துதான் வந்தது. வடமொழியில் 'மிலேச்சர்'. தெளிவில்லாமல் பேசுபவர் என்பது அடிப்படை. அசுரர்கள் போரில் ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்ததால் தோற்றார்கள் என்று சதபத பிராமணம் கதை சொல்கிறது. உச்சரிப்புப் பிழைக்குத் தண்டனை தோல்வி!

அந்த மிலேச்சர் பட்டியலில் நாம் இல்லை என்று நினைக்கிறீர்களா? ஏழாம் நூற்றாண்டு மீமாம்சை அறிஞர் குமாரிலபட்டர் மிலேச்சர் மொழிச் சொற்களைப் பற்றி விவாதிக்கும் இடத்தில், திராவிட மொழியிலிருந்து எடுத்துக்காட்டுகள் தருகிறார். சோறு, பாம்பு, வயிறு முதலான நம் வீட்டுச் சொற்கள் அவை. நாம் உண்ணும் சோறும் உண்ட வயிறும் ஒரு காலத்தில் இன்னொருவர் காதில் கிலிக்கியாகத்தான் விழுந்தன.

நாமும் சளைத்தவர்கள் இல்லை. முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையைக் காவல் காக்கும் மிலேச்சர்கள் வருகிறார்கள். நாவால் பேசாமல் உடம்பால் பேசுபவர்கள் என்கிறார் புலவர். அவர்களுக்கும் ஒரு மொழி இருந்திருக்கும். ஊரில் அம்மா இருந்திருப்பாள். பாடலில் அவர்கள் ஊமை.

ஆகவே, வேற்று மொழிக்காரனை ஓசையாக்கும் பழக்கம் எல்லோரிடமும் உண்டு. இரண்டாயிரம் வருடத்துக்கு முன் அது நடந்ததற்கு ஒன்றும் செய்ய முடியாது. 2015இல், கணினியும் கோடிக்கணக்கில் பணமும் வைத்துக்கொண்டு, இலக்கண விதிகள் எழுதி, அதையே செய்தார்கள். அதற்கு நாம் கைதட்டினோம்.

படத்தின் போர்க்காட்சியிலேயே ஒரு நீதி சொல்லப்படுகிறது. காலகேயத் தலைவனைக் கொல்பவனுக்கே அரியணை என்கிறாள் சிவகாமி. காலகேயர்கள் மகிழ்மதி மக்களைப் பிடித்துக் கேடயமாக முன்னே நிறுத்துகிறார்கள். பல்வாள்தேவன் அவர்களையும் வெட்டிக்கொண்டு போகிறான். பாகுபலி அவர்களைக் காப்பாற்றிவிட்டுப் போகிறான். தலைவனைக் கொன்றவன் பல்வாள்தேவனாக இருந்தாலும், மக்கள் உயிரை மதித்த பாகுபலிதான் அரசனாகத் தகுந்தவன் என்று தீர்ப்பு. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் அந்த நீதி யாருக்குச் செல்லும்? நம் மொழி பேசியவர்களின் உயிர் அரியணையையே தீர்மானிக்கிறது. கிலிக்கி பேசியவர்கள் ஆயிரக்கணக்கில் விழுந்ததை ஒருவர்கூட எண்ணவில்லை. நல்ல அரசனுக்கும் கெட்ட அரசனுக்கும் உள்ள வித்தியாசம் அவர்கள் பிணத்தின்மேல் நின்று சொல்லப்படுகிறது.

இன்னொரு பக்கம், நாயகனை வளர்த்த காட்டுமக்கள். அவர்கள் நல்லவர்கள். ஏன் நல்லவர்கள்? அரசகுலத்துக் குழந்தையை வளர்த்துக் கொடுத்தார்கள். ஆக, பேரரசின் ஓரத்தில் வாழும் மக்களுக்கு இரண்டே வேலை: இளவரசனுக்குப் பால் கொடுப்பது, அல்லது இளவரசன் கையால் சாவது.

ஒரு முழு மக்களையும் பிறப்பால் கொடியவர் என்று எழுதுவது வெறும் கதைத் தந்திரம் என்று நினைக்காதீர்கள். வெள்ளைக்காரன் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. பிறந்த குழந்தையும் குற்றவாளி. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்த எண்ணமும், காலகேயர் என்றால் எல்லோரும் ஒரே மாதிரிக் கொடூரர் என்ற எண்ணமும் ஒரே வேரில் வந்தவைதான்.

இனி வழக்கமான மறுப்புகளுக்கு வருகிறேன்.

ஒன்று: "வெறும் சினிமா." அப்படியானால் வெறும் சினிமாவாகவே விட்டுவிடுங்கள். மொழிச் சாதனை, தமிழர் பெருமை, வகுப்பறைச் செயல்பாடு என்று தூக்கிக்கொண்டு வராதீர்கள். பெருமை பேசும்போது மட்டும் அது மொழியியல், கேள்வி கேட்டால் மட்டும் அது பொழுதுபோக்கு என்பது செல்லாது.

இரண்டு: "கற்பனை மக்கள்தானே, யார் மனம் புண்படப் போகிறது?" அதே படத்தின் தமிழ் வசனத்தில் இருந்த ஒரு சொல் அருந்ததிய மக்களை இழிவுபடுத்துவதாக 2015இலேயே எதிர்ப்பு எழுந்தது நினைவிருக்கிறதா? அந்த மக்கள் இருக்கிறார்கள், அமைப்பாகத் திரண்டிருக்கிறார்கள், கேட்டார்கள். காலகேயருக்குச் சங்கம் கிடையாது. அதனால் வசதியாகப் போயிற்று. ஆனால் அந்த வேஷம் யார்மேல் போய் ஒட்டிக்கொள்கிறது என்பதைப் பள்ளிக்கூடத்தில் வந்து பாருங்கள்.

ஒரு தனியார் பள்ளி ஆண்டு விழா. எந்தப் பள்ளி என்பது இங்கே தேவையில்லை. பாகுபலி போர்க்காட்சியை நடனமாகப் போட்டார்கள். காலகேயராக நடித்த பிள்ளைகளுக்குக் கறுப்புச் சாயம் பூசினார்கள். ஒரே ஒரு பையனுக்குப் பூசவில்லை. ஏன் என்று கேட்டேன். "அவனுக்குத் தேவைப்படலை சார்" என்று சிரித்தார் சாயம் பூசியவர். பையன் பக்கத்தில்தான் நின்றான். அவனும் சிரித்தான். அந்த வயதில் வேறென்ன செய்வான்?

திருப்பூர்ப் பக்கம் வேலை பார்க்கும் இளம் ஆசிரியை ஒருவர் சொன்னது இன்னொன்று. அவர் வகுப்பில் ஒடிசாவிலிருந்து வந்த பனியன் கம்பெனித் தொழிலாளியின் மகன் ஒருவன். இடைவேளையில் தங்கையோடு ஒடியாவில் பேசுவான். பிள்ளைகள் அவனுக்கு வைத்த பட்டப்பெயர் 'கிலிக்கி'. நூற்றாண்டுகால இலக்கியமும் இந்திய அரசின் செம்மொழித் தகுதியும் உள்ள மொழி ஒடியா. நம் பிள்ளைகளுக்கு அது கிலிக்கி. இப்போது அந்தப் பையன் இடைவேளையில் தங்கையோடு பேசுவதே இல்லையாம்.

மூன்று: "வெளிநாட்டுக்காரனும் இதைத்தான் செய்கிறான்." எல்லோரும் இதையே செய்யவில்லை. டோல்கின் தன் உயிரைக் கொடுத்து உருவாக்கிய மொழிகளை அழகான எல்ஃப்களுக்குக் கொடுத்தார். அவர்கள் அந்த மொழிகளில் பாடுகிறார்கள், நினைவுகூர்கிறார்கள், துக்கப்படுகிறார்கள். ஓர்க் கூட்டத்துக்கு அவர் செய்தது நியாயமில்லை என்று அவருடைய வாசகர்களே இன்றுவரை வாதிடுகிறார்கள். 2009இல் வந்த அவதார் படத்துக்காக பால் ஃப்ராமர் உருவாக்கிய நாவி மொழி, மண்ணைப் பறிகொடுக்கும் மக்களின் மொழி. பார்ப்பவர் அவர்கள் பக்கம் நிற்கிறார். 1980களில் மார்க் ஒக்ராண்ட் உருவாக்கிய கிளிங்கான் தொடக்கத்தில் எதிரியின் மொழிதான். ஆனால் 1987இல் தொடங்கிய அடுத்த தொடரிலேயே வோர்ஃப் என்ற கிளிங்கான் வீரனை நாயகர்களோடு கப்பலில் ஏற்றிவிட்டார்கள். அவனுக்கு மானமும் குடும்பமும் இருந்தது. ஜமென்ஹாஃப் 1887இல் எஸ்பெராண்டோவை வெளியிட்டது மனிதர்கள் சண்டையை விட்டுப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதற்காக. இவர்களோடு ஒப்பிட்டுப் பெருமைப்பட ஆசைப்பட்டால், மொழியை யாருக்கு, எதற்குக் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே ஒப்பிடுங்கள்.

கடைசியாக, எனக்கு உண்மையிலேயே வலிக்கும் இடம்.

நான் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்ததில் பாதிக்கு மேல் மலையடிவாரப் பள்ளிகளில். இருளர் பிள்ளைகள், சோளகர் பிள்ளைகள், கன்னடம் பேசும் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்கும், பாடப்புத்தகத்தில் அவர்கள் மொழி இருக்காது. முதல் நாள் வரும் பிள்ளைக்கு நாங்கள் பேசுவதுதான் புரியாத ஓசை. அந்த வகுப்பறையில் காலகேயர் யார், மகிழ்மதி யார் என்று யோசித்துப் பாருங்கள்.

விநோதமான ஒலி வேண்டும் என்று ஆசைப்பட்டால் நீலகிரிக்குப் போயிருக்கலாம். தோடர் மொழியில் ரகரத்தில் மட்டும் நாக்கு தொடும் இடத்தை வைத்து மூன்று வேறு ஒலிகள் உண்டு. உயிரொலிகள் தமிழைவிட அதிகம். பேசுபவர் இரண்டாயிரம் பேர் அளவே. கோத்தர் மொழி பேசுவோரும் அப்படித்தான். இரண்டும் அழியும் ஆபத்தில் உள்ள மொழிகள் என்கிறது யுனெஸ்கோ. இரண்டும் நம் தமிழுக்கு உடன்பிறந்தவை. 1930களில் எமனோ என்ற அறிஞர் கடல் கடந்து வந்து, மலையில் தங்கி, கோத்தர் கதைகளையும் தோடர் பாடல்களையும் எழுதி எடுத்துப் புத்தகமாக்கினார். நம்மில் எத்தனை பேர் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம்? நரிக்குறவர் பேசும் வாக்ரிபோலியில் ஒரு சொல் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பாசிமணி விற்க அவர்கள் வரும்போது நம்மிடம் தமிழில் பேசுகிறார்கள். தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது நமக்குக் கேட்பது என்ன? அதே ஓசைதான்.

அந்தமானில் போ என்ற மொழியைப் பேசிய கடைசி மனுஷி போவா மூதாட்டி 2010 ஜனவரியில் இறந்தார். அவரோடு அந்த மொழியும் போயிற்று. பல்லாயிரம் வருடத் தொடர்ச்சி. ஐந்து வருடம் கழித்து நாம் புது மொழி பிறந்துவிட்டது என்று பட்டாசு வெடித்தோம்.

கிலிக்கியைத் தடை செய்யச் சொல்லவில்லை. மதன் கார்க்கியிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. அவரைப் போன்ற திறமைசாலி அந்த மொழியைக் குழந்தைகளுக்கே திருப்பிக் கொடுத்தால், அதில் தாலாட்டும் விடுகதையும் எழுதினால், நான் முதல் ஆளாகப் பகிர்வேன். நான் கேட்பது என் சக ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும்தான்.

1. ஆண்டு விழாவில் எந்தப் பிள்ளைக்கும் கறுப்புச் சாயம் பூசாதீர்கள். சாயம் தேவையில்லை என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள்.

2. 'கிலிக்கி', 'காலகேயன்' என்று ஒரு பிள்ளையைக் கூப்பிடுவது காதில் விழுந்தால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எப்படி நிறுத்துவீர்களோ, அப்படி நிறுத்துங்கள்.

3. படத்தைப் பிள்ளைகளோடு பார்த்தால், முடிந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: காலகேயரின் ஊர் எப்படி இருக்கும்? அங்கே அன்று இரவு என்ன நடந்திருக்கும்? பிள்ளைகள் சொல்லும் பதில் உங்களை ஆச்சரியப்படுத்தும்.

4. வகுப்பில் வேற்று மொழி பேசும் ஒரு பிள்ளை இருந்தால், வாரம் ஒரு சொல் அந்தப் பிள்ளையிடம் கேட்டுக் கரும்பலகையில் எழுதுங்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளைதான் ஆசிரியர். செலவு ஒரு சுண்ணாம்புக் கட்டி.

படித்தவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் ஊரில் வாழும் இருளர், பணியர், குறும்பர், நரிக்குறவர், அல்லது வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவர் யாரிடமாவது, தண்ணீருக்கு அவர்கள் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று கேளுங்கள். கூகுளில் தேட வேண்டாம். நேரில் கேட்டு, கேட்டது போலவே கீழே எழுதுங்கள். யாரிடம், எந்த ஊரில் கேட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால், நான் ஒரு நோட்டில் தொகுத்து வைக்கிறேன்.

திட்ட வேண்டும் என்றால், வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டுத் திட்டுங்கள்.